வெள்ளை பூச இடமில்லாத பக்கங்கள்

எழுபத்தாறாம் வருஷத்துக் கோடையின் பிற்பாதி முழுக்க எனக்கு வேலை, ரத்தத்தின் மேல் வெள்ளை பூசுவது. எங்கள் காமிக்ஸில் அட்டைக்கு மட்டும்தான் வண்ணம். உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆகவே ரத்தமும் கறுப்புதான். மெல்லிய தூரிகையை வெள்ளையில் தோய்த்து, ஒரு சிப்பாயின் நெற்றியில் வழிவதை மூடுவேன். காய்ந்த பிறகு பார்த்தால் குண்டடி பட்டவன் மாதிரி தெரியாது, தலைவலிக்காரன் மாதிரி இருக்கும். அதோடு முடியாது. "செத்தேன்!" என்று அவன் கத்திய இடத்தில் "அடடா, கணுக்கால் பிசகிப்போச்சே!" என்று எழுதி ஒட்ட வேண்டும்.

பத்திரிகையின் பெயர் 'நக்கிள்'. மடக்கிய கைமுட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஃபாரிங்டன் சாலைக்குப் பின்பக்கம், லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி எங்கள் அலுவலகம். படங்களைச் சரிபார்ப்பது, பேச்சுக் குமிழிகளில் வசனம் ஒட்டுவது, பையன்கள் எழுதும் கடிதங்களைப் படிப்பது எல்லாம் என் மேசைக்கு வரும். நான் வின்னி டாப்லி. அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண்.

ஆசிரியர் டெர்ரி விட்டாப். முப்பது வயதுகூட ஆகவில்லை. வடக்கே லீட்ஸ் ஊர்க்காரர்; அந்த ஊர்ப் பழக்கத்தில் பால்காரர் முதல் முதலாளி வரை எல்லாரும் அவருக்குக் 'கண்ணு'தான். "பையனுங்களுக்கு நல்ல பிள்ளைக் கதை சலிச்சுப்போச்சு, கண்ணு. பள்ளிக்கூடக் கிரிக்கெட், அத்தை சுட்ட கேக்கு... எவன் படிப்பான்?" என்று சொல்லித்தான் அவர் அந்த இதழை ஆரம்பித்தார். அவர் கணக்குத் தப்பவில்லை. மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பிய ஒரு ராட்சசக் காட்டுப்பன்றி, பணக்கார வேட்டைக்காரர்களைத் தேடித் தேடிக் குத்தும் கதை ஒன்று போட்டார். அந்தப் பன்றிக்கு மட்டும் வாரம் ஒரு மூட்டைக் கடிதம் வரும். 'அடுத்த வாரம் எங்கள் கணக்கு வாத்தியார் வீட்டுப் பக்கம் அனுப்பி வையுங்கள், முகவரி கீழே' என்று ஒரு பையன் எழுதியிருந்தான்.

இன்னொரு கதை 'பத்துப் பேர்'. இத்தாலியில் ஒரு ஆற்றைத் தாண்டப் பார்க்கும் பத்துச் சிப்பாய்களின் கதை. அதை எழுதி வரைந்தவர் சிரில் ஓக்ஷாட். லண்டனிலேயே லூயிஷம் பகுதியில் தனியாக இருந்தார். இளம் வயதில் அதே இத்தாலியில் காலாட்படையில் இருந்தவர். தாள்களைப் பழைய திரைத்துணியில் சுற்றிக்கொண்டு பேருந்தில் வருவார், டீ குடிப்பார், அதிகம் பேச மாட்டார். அவர் வரைந்த யுத்தத்தில் யாரும் வீரவசனம் பேசியதில்லை. சேற்றில் நடப்பார்கள், பேன் பார்ப்பார்கள், திடீரென்று ஒருவன் விழுவான். ஜூலையில் வந்த இதழில் ஆல்ஃபி என்ற பையன் விழுந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். ஒரு பக்கம் முழுக்க அவன் மட்டும்தான்.

அந்த வருஷம் மழையே இல்லை. தெருமுனைக் குழாயில் வாளியோடு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். வெயிலில் எல்லாருக்கும் எரிச்சல். யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. ஒரு நாளிதழ் எங்கள் பன்றியின் படத்தைப் போட்டு, 'குழந்தைகள் கையில் கசாப்புக்கடை' என்று தலைப்பு வைத்தது. மறுவாரமே லண்டனுக்குத் தெற்கே க்ராய்டனில் பெற்றோர் சங்கம் ஒன்று கிளம்பியது. கடைகளில் எங்கள் இதழை விற்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். பெரிய கடைக்காரர்கள் சிலர் யோசிக்க ஆரம்பித்தார்கள். மேல்மாடியிலிருந்து எங்கள் நிர்வாகி லேதம் இறங்கி வந்து, "ரத்தம் தெரியக் கூடாது" என்று உத்தரவு போட்டார். அப்படித்தான் அந்த வெள்ளைப் புட்டி என் கைக்கு வந்தது.

செப்டம்பரில் ஒருவழியாக மழை பெய்தது. அதே மாதம், க்ராய்டனில் ஒரு சர்ச் மண்டபத்தில் கூட்டம் போட்டு விட்டாப்பை வரச் சொன்னார்கள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சிரிலை யாரும் அழைக்கவில்லை. ஆனால் போய்ப் பார்த்தால் கடைசி வரிசையில் நனைந்த கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

சங்கத்தின் தலைவி ஹிலரி க்ரூம். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு வேலை பார்ப்பவர். பத்திரிகையில் வந்த பேச்சை வைத்து ஒரு பத்ரகாளியை நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தது நீலக் கம்பளிச் சட்டை போட்ட, மெதுவாகப் பேசும் ஒரு பெண். எங்கள் இதழ் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, இடையிடையே காகிதத் துண்டு செருகி வைத்திருந்தார். எங்கள் முதலாளிகூட அதை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

விட்டாப்புக்கு மேடை பழக்கமில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்.

"இதெல்லாம் வெறும் மையும் காகிதமும்தாங்க. பன்றிக் கதையப் படிச்சுட்டு எந்தப் பையனும் போய் யாரையும் குத்தப் போறதில்ல, கண்ணு."

ஒலிபெருக்கியில் அந்தக் 'கண்ணு' மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நான் உங்க கண்ணு இல்ல, மிஸ்டர் விட்டாப்," என்றார் மிசஸ் க்ரூம்.

கைதட்டல் ஓயவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு விட்டாப் சொன்ன எதுவும் எடுபடவில்லை. அப்போது கடைசி வரிசையில் சிரில் எழுந்தார்.

"இதுல எந்தப் பக்கம்மா ஒங்களுக்கு ரொம்ப மோசமாப் பட்டுது?"

மிசஸ் க்ரூம் தேடவே இல்லை. ஒரு இதழை எடுத்து, பிரித்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். ஆல்ஃபி செத்துப்போகிற பக்கம்.

"அது நான் வரைஞ்சதும்மா," என்றார் சிரில்.

"என் பையன் ஜூலியனுக்கு ஒம்பது வயசு. பக்கத்து வீட்டுல இதப் பாத்துட்டு வந்தான். ஒரு வாரம் தூங்கல. வெளக்க அணைக்கவே விடல."

"தெரியும்மா. நானும் முப்பது வருஷமாச் சரியாத் தூங்கல."

முன்வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் ஆட்டம் நம் பக்கம் திரும்பிவிட்டது என்று விட்டாப் நினைத்திருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார்ந்தார். மிசஸ் க்ரூம் இதழைக் கீழே வைத்தார்.

"அதுக்கு நான் வருத்தப்படறேன், மிஸ்டர் ஓக்ஷாட். நெஜமாவே சொல்றேன். ஆனா அதுக்காக என் பையன் ஏன் முழிச்சிருக்கணும்?"

சிரில் தொப்பியைக் கையில் இரண்டு மூன்று தடவை திருப்பினார்.

"தெரியலம்மா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வரும் ரயிலில் விட்டாப் பொருமிக்கொண்டே வந்தார். "ஜெயிச்சு வெச்சிருந்தோம், சிரில்! முப்பது வருஷம்னு சொன்னீங்க பாருங்க, அதோட நிறுத்தியிருக்கணும். அந்தம்மா கேட்டதுக்கு ஏதாச்சும் ஒண்ணு சொல்லியிருக்கலாமில்ல?"

"என்ன சொல்றது? நல்ல கேள்விடா அது," என்றார் சிரில்.

அக்டோபரில் காரியம் முற்றிவிட்டது. விட்டாப்பைத் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டு, அரசியல்வாதியை மடக்குவது மாதிரிக் கேள்வி கேட்டு மடக்கினார்கள். மறுநாளே கடைக்காரர்கள் லேதமுக்குப் போன் போட்டார்கள். அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடந்த இதழ் கடைக்குப் போகாமலே காகிதக் கூழாகப் போயிற்று. நக்கிள் நின்றது. டிசம்பரில், சுத்தமான குடும்ப இதழாகத் திரும்பி வரும் என்று அறிவித்தார்கள்.

லேதம் எங்களை உட்கார வைத்து ஒவ்வொரு கதையாகத் திருத்தினார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அமைதி வேண்டும், அவ்வளவுதான். சிரிலின் கதைக்கு வந்தார்.

"பத்துப் பேரும் ஜெர்மன்காரங்களச் சுத்தி வளைக்கறாங்க. அவங்க கையத் தூக்கிடறாங்க. ஒரு ஜோக்கு. எல்லாரும் டீ குடிக்கறாங்க. சரியா?"

"இல்ல சார்," என்றார் சிரில்.

"என்ன இல்ல?"

"சின்ன வயசுல நான் படிச்ச காமிக்ஸெல்லாம் அப்படித்தான் இருக்கும். சண்டைக்குப் போவாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகாது, டீக்குத் திரும்பி வந்துடுவாங்க. அதப் படிச்சுட்டுத்தான் பதினேழு வயசுல, பத்தொம்பதுன்னு பொய் சொல்லிட்டுப் போய் வரிசையில நின்னேன். எங்க தெருப் பசங்களும் கூட வந்தாங்க. அந்தக் கதைய நான் வரைய மாட்டேன்."

"பழையபடி கொடலயும் கொழுப்பயும் வரைஞ்சா நான் போட மாட்டேன்."

"அதையும் வரையப் போறதில்ல."

"அப்பறம் என்னதான்யா வரையப் போற?" லேதமுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னும் தெரியல சார். கொஞ்சம் டைம் குடுங்க."

பேருந்தில் வரும் அதே திரைத்துணியில் சுற்றி, நவம்பர் தொடக்கத்தில் மூன்று பக்கம் கொண்டுவந்தார். என் மேசைமேல் விரித்தார். நான் பழக்கதோஷத்தில் வெள்ளைப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன்.

மழை. இடிந்த ஒரு மாட்டுக்கொட்டகை. உள்ளே சிப்பாய்கள் ஒண்டியிருக்கிறார்கள். ஒருவன் ரொட்டியைத் துண்டு போடுகிறான். போட்டுவிட்டு ஆட்களைப் பார்க்கிறான், துண்டுகளைப் பார்க்கிறான். ஒரு துண்டு அதிகம். அதைச் சின்னச் சின்னதாக நறுக்கி எல்லாருக்கும் பங்கு வைக்கிறான். அடுத்த பக்கத்தில், கதவோரம் ஒரு ஜோடி பூட்ஸ். ஆல்ஃபியுடையது. கூட்டத்திலேயே இளையவனான டிக்கின் பூட்ஸ் வாய் பிளந்து கிடக்கிறது. போட்டுக்கோடா என்கிறார் கார்ப்பரல். அவன் மாட்டேன் என்கிறான். கார்ப்பரல் மண்டியிட்டு, குழந்தைக்குப் போடுவது மாதிரி அவரே மாட்டிவிட்டு நாடாவைக் கட்டுகிறார். சரியாக இருக்கா என்கிறார். டிக் காலை ஒருமுறை தரையில் ஊன்றிப் பார்க்கிறான். சரியாகத்தான் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் மழையில் அவர்கள் நடந்து போகிறார்கள்.

அவ்வளவுதான். துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நான் புட்டியை மூடினேன்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார் சிரில்.

"எனக்கு வேல வெக்கலயே நீ," என்றேன்.

லேதம் மூன்று பக்கத்தையும் முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "யாரும் சாகல."

"இல்ல சார்," என்றார் விட்டாப்.

"அடிதடி?"

"கெடையாது."

"கெட்ட வார்த்த?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்பறம் ஏன்யா மறுபடி மறுபடி அந்தப் பூட்ஸுக்கே திரும்பறேன்?" லேதம் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல எத அழிக்கறதுன்னே தெரியலயே! வேண்டாம். அந்தக் க்ரூம் அம்மா மறுபடி கெளம்பினா என்னால தாங்க முடியாது. வேண்டாம்னா வேண்டாம்."

அன்று மத்தியானம் கீழே உள்ள மதுக்கடையில் விட்டாப் சீஸ் ரொட்டியைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அவருக்கு பயம் அந்தம்மாகிட்டத்தான். அந்தம்மாவே சரின்னுட்டா?"

"போய்க் கேளுங்களேன்," என்றேன்.

"நானா? கதவத் தொறந்ததும் மறுபடி 'கண்ணு'ன்னு வாய்ல வந்துடும். நீங்க போங்க, கண்ணு."

சனிக்கிழமை நான் க்ராய்டனுக்குப் போனேன். மிசஸ் க்ரூம் சமையலறையில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்தில் என்னைப் பார்த்த ஞாபகம் இருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டார்.

"பேப்பர்ல என்னப் பத்திப் படிச்சிருப்பீங்க. புத்தகத்தக் கொளுத்தறவள்னு எழுதறாங்க. நான் எதையும் கொளுத்தல, மிசஸ் டாப்லி. காசு குடுத்து வாங்கிப் படிச்சேன். அதான் நான் பண்ணின தப்பு."

"ஒங்க அளவுக்கு எங்க ஆபீஸ்ல யாரும் படிக்கலன்னு அன்னிக்கே நெனச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நான் பக்கங்களை மேசைமேல் வைத்தேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நின்றபடியே படித்தார். முதல் பக்கத்தைச் சீக்கிரம் தாண்டினார். பூட்ஸ் வரும் பக்கத்தில் நின்றுவிட்டார். தோட்டத்தில் ஒரு பையன் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஜூலியனாகத்தான் இருக்க வேண்டும்.

"இத எனக்காகவா வரைஞ்சாரு?"

"நீங்க கேட்ட கேள்விக்காகன்னு நெனக்கறேன். அவரு சொல்லல."

திரும்ப முதலிலிருந்து படித்தார். பிறகு தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி அடுக்கினார்.

"ஒம்பது வயசுக்கு இது வேண்டாம்."

"சரிங்க."

"பன்னெண்டு வயசுல குடுப்பேன். பக்கத்துல ஒக்காந்து." கொஞ்சம் யோசித்தார். "என் சண்ட அந்தப் பன்றியோட. அது குத்தறப்ப, அடுத்தது யாருன்னு பசங்கள எண்ண வெக்கறீங்க பாருங்க, அதோட. இது அப்படியில்ல. இதுல அந்தப் பையன் செத்துப்போனதுக்கு யாரோ வருத்தப்படறாங்க."

"இத லேதம்கிட்டச் சொல்வீங்களா?"

"யார்கிட்ட வேணாலும் சொல்வேன். நம்பர் இருக்கா?"

சனிக்கிழமை என்றும் பாராமல், வீட்டில் இருந்த லேதமை என் எதிரிலேயே போனில் பிடித்தார். அந்தப் பக்கம் என்ன பேச்சு என்று கேட்கவில்லை. இந்தப் பக்கம், "இல்ல, இதுக்கு எங்க சங்கம் எதுவும் பண்ணாது... ஆமா, பன்றிக்குப் பண்ணும்... நீங்க ஏன் மிஸ்டர் லேதம் இவ்வளவு பயப்படறீங்க?" என்று மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டு எனக்கு டீயும் சீரக கேக்கும் கொடுத்தார். மழைக் காலணி விலையிலிருந்து பள்ளிக்கூடச் சாப்பாடு வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

டிசம்பரில் நக்கிள் திரும்பி வந்தது. பன்றி திருந்திவிட்டது, பனியில் வழி தவறிய குழந்தைகளைக் கண்டுபிடித்து வீட்டில் சேர்த்தது. சிரிலின் மூன்று பக்கங்கள் ஒரு கோடுகூட மாறாமல் வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பையன்களின் கடிதத்துக்காகக் காத்திருந்தேன்.

வந்தன. 'பன்றிக்கு உடம்பு சரியில்லையா?' என்று பாதிப் பேர் கேட்டிருந்தார்கள். சிரிலின் கதையைப் பற்றி ஒருவன், 'இரண்டு பக்கம் பூட்ஸ் மாட்டுகிறார்கள். நான் அதைவிட வேகமாக மாட்டுவேன்' என்று எழுதியிருந்தான். இன்னொருவன், 'டாங்கி எங்கே?' என்று மட்டும் எழுதியிருந்தான்.

காட்டலாமா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். சிரிலே என் மேசையிலிருந்து எடுத்துப் படித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"பன்னெண்டு வயசுல நானும் இதத்தான் எழுதியிருப்பேன், வின்னி. பாவம், காசு குடுத்து வாங்கறானுங்க. டாங்கி வேணுமாமே, வரைஞ்சுட்டாப் போச்சு."

வரைந்தார். அருமையான டாங்கி, ஆணி ஆணியாக எண்ணலாம். அதற்கடுத்த வாரம் மறுபடி சேறும் நடையும். இப்படி ஒரு வாரம் பையன்களுக்காக, ஒரு வாரம் தனக்காக என்று ஓட்டினார். மிசஸ் க்ரூமின் சங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஆனால் விற்பனைதான் திரும்பவில்லை. அடுத்த இலையுதிர் காலத்தில் நக்கிளை ஒரு கால்பந்து வார இதழோடு சேர்த்துவிட்டார்கள். முன்பு பத்தாக இருந்த அந்தச் சிப்பாய்கள் ஆற்றுக்கு இந்தக் கரையிலேயே நின்றுபோனார்கள்.

விட்டாப் வேறொரு புது இதழுக்குப் போனார். அதில் சாவதெல்லாம் இயந்திர மனிதர்கள். வெட்டினால் எண்ணெய் கொட்டும்; ஒரு பெற்றோர்கூடப் புகார் செய்யவில்லை என்று என்னிடம் குதூகலமாகச் சொன்னார். சிரிலையும் கூப்பிட்டார். சிரில் போகவில்லை. வீட்டில் தானே கதவு மாட்டுவது, குழாய் சரிசெய்வது என்று சொல்லித்தரும் ஒரு பத்திரிகைக்குப் படம் போட ஆரம்பித்தார்.

அதற்கடுத்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லூயிஷமில் அவர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் உருளைக்கிழங்கு நட்டிருந்தார். மண் ஒட்டிய கையோடு டீ போட்டுக் கொண்டுவந்தார். சுவரோரம் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எனக்கு ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

"அந்தப் பசங்க ஆத்தத் தாண்டினாங்களா, சிரில்?"

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"ஆறு பேரு தாண்டினோம்," என்றார்.

பிறகு, இந்த வருஷமாவது மழை ஒழுங்காகப் பெய்தால் கிழங்கு நன்றாக வரும் என்று சொல்லி, என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.